கல்லுமடு விரால்

கரைத்த மண்ணும் உள்ளே இறங்கவில்லை. வாயோரமாக வழிந்து, கழுத்து மடிப்பில் தேங்கி, பனியன் விளிம்பைச் செம்மண் நிறமாக்கியது. பூமாலை ஸ்பூனைத் தம்ளருக்குள் போட்டுவிட்டுத் துண்டை எடுத்துத் துடைத்தாள்.

"இன்னும் ஒரு வாய் விட்டுப் பாரு" என்றாள் முத்தாயி. கட்டிலின் கால்மாட்டில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "நம்ம வெங்காயக் கொல்லை மண்ணு. அவன் ஒழைச்ச மண்ணுக்குக்கூடவா எறங்காது?"

"பொரை ஏறும் அண்ணி."

ஏறினால் ஏறட்டுமே என்பது முத்தாயி நின்ற நிலையிலேயே தெரிந்தது. கட்டிலில் கிடப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பி பழனிவேல். தம்பி நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவளும் தூங்குவதில்லை, அடுத்தவரையும் தூங்கவிடுவதில்லை.

ஆடியில் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்தார். வலது பக்கம் மொத்தமும் போனது, பேச்சும் போனது. திருச்சி ஆஸ்பத்திரியில் போட்டு வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். இப்போது மார்கழி. கொஞ்ச நாளாகக் கஞ்சியும் இறங்கவில்லை, மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது. மகன் தமிழழகன் பால் ஊற்றினான். மகள் பிரவீணா ஆண்டிமடத்திலிருந்து வந்து ஊற்றி, அழுது, பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை என்று திரும்பிப் போனாள். தாலியை உரசி அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள். குலசாமி கோயில் தீர்த்தம் வந்தது. தெருவில் பாதிப் பேர் வந்து ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்றிவிட்டார்கள். பழனிவேல் யாருக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, போகவும் இல்லை.

பூமாலைக்கு அலுத்துவிட்டது. அவர் போய்ச் சேரட்டும் என்று அவள் நினைக்கத் தொடங்கி ரொம்ப நாளாயிற்று. அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை. புரட்டிப் போட்டு, கழுவி, பவுடர் போட்டு, துணி மாற்றி, அந்தத் துணியை அலசிக் காயவைத்து, மறுபடி புரட்டி, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று பாக்கி இருந்தது. போவதற்கு முன்னால் இந்த மனுஷன் தன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் வந்தால் கண் திரும்பியது. அக்காளைப் பார்த்தபோது தண்ணீர்கூட விட்டது. பூமாலை முகத்துக்கு நேராகக் குனிந்து "ஏங்க" என்றால் மட்டும் அந்தக் கண் அவளைத் தாண்டி மின்விசிறியிலோ வாசல் வெளிச்சத்திலோ போய் நின்றுகொண்டது. இத்தனை மாதம் தூக்கிச் சுமந்ததற்கு ஒரு பார்வை கேட்பது அதிகமா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"ஏ பூமால. இங்க வா. கையப் பாரு."

பழனிவேலின் இடது கை போர்வைமேல் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ பிடிப்பது போல ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. பிறகு மணிக்கட்டு வெடுக்கென்று மேலே போனது. மறுபடி போர்வையில் விழுந்து மறுபடி ஒட்டிக்கொண்டன.

"நேத்துலேருந்து அப்புடித்தான் பண்றாரு அண்ணி. போர்வைய இழுக்குறாரு. கடைசில அப்புடித்தான் பண்ணுவாங்கன்னு நர்ஸம்மா சொன்னுச்சு."

"போர்வையா? தூண்டில் இழுக்குறான்டி."

சுவரோரம் நாற்காலியில் இருந்த தமிழழகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். பெரம்பலூரில் டூவீலர் கம்பெனி ஷோரூமில் வேலை. லீவு போட்டு வந்தவனுக்கு ஆபீஸிலிருந்து காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"அதான் கெடக்கு" என்றாள் முத்தாயி. முகம் தெளிந்துவிட்டது. "மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. மீனு. நம்ம ஓடை, கல்லுமடு வெராலு. அத வாயில வக்காம என் தம்பி போவ மாட்டான்."

"வெராலுதான அத்த? பெரம்பலூர்ல தொட்டில உசுரோட விட்டு விக்கிறாங்க. வண்டி எடுத்தேன்னா வாங்கியாந்துடுவேன்."

"பண்ணை மீனு எதுக்குடா? தீனி தின்னு வளந்தது. இவன் கண்ணுல கண்ட மீனு வேணும். அதும் வூட்டு ஆளு கையால புடிச்சு வரணும். கடையில வாங்குனா அது பண்டம்டா, ஆசை ஆவாது."

"எனக்குத் தூண்டிலு புடிக்கத் தெரியாது அத்த."

"நீ எங்கயும் போவக்கூடாது. புள்ள தலமாட்டுல இருக்கணும். எனக்கு முட்டி இருந்தா நானே போயிருவேன்."

பூமாலை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், முத்தாயியின் கண்டுபிடிப்பு அங்கேயே படுத்திருக்கும். பழனிவேல் அந்த ஓடை மீனை ஒரு நாளும் வாயில் வைத்தவர் இல்லை. பிடித்து வந்தால் வாளியோடு அடுக்களை வாசலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். பூமாலையும் பிள்ளைகளும் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது அவர் ரசத்தை ஊற்றிக்கொள்வார். ஏன் என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறாள். "எனக்கு என்னமோ முடியல" என்றதோடு சரி. இது முத்தாயிக்குத் தெரியாது. தம்பி தினம் மீன் பிடிக்கப் போகிறான், மீன் மேல் உயிராக இருக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அந்த ஒரு வார்த்தையைப் பூமாலை சொல்லவில்லை.

"நான் போறேன்" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீயா? ஒனக்குத் தூண்டில் புடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன?"

"வூட்டு ஆளுதான அண்ணி புடிக்கணும்? நான் வூட்டு ஆளுதான?"

"சரி, சீக்கிரம் வா" என்றாள் முத்தாயி. "போனைக் கையில எடுத்துக்கம்மா" என்றான் தமிழழகன்.

தாழ்வாரத்து ஓட்டில் செருகியிருந்த மூங்கில் கம்பை உருவினாள். தங்கூசி நைலான் நரம்பு அதிலேயே சுற்றிக் கிடந்தது, முள்ளில் துரு ஏறியிருந்தது. பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டாள். தெருவில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டு மணிமொழி, கம்பையும் வாளியையும் பார்த்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் மணிமொழி சும்மா விட்டிருக்க மாட்டாள். அந்த ஓடையைப் பூமாலையின் சக்களத்தி என்று தெருவுக்குச் சொல்லி வைத்தவளே அவள்தான். "என்னக்கா, மாமா சின்ன வூட்டுக்குக் கெளம்பிட்டாரா?" என்று சாயங்காலமானால் கேட்பாள். பூமாலையும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளும் போனாள். அவர் கூப்பிடவில்லை. எங்கேதான் போகிறார் என்று பார்க்கப் பின்னாலேயே நடந்தாள். புதுப் புடவை கசங்காமல் ஓடைக்கரையில் வந்து நின்றாள். அவர் பாறைமேல் குந்தியிருந்தார். இவள் நிழல் நீளமாகத் தண்ணீரில் விழுந்தது. அடியில் கறுப்பாக என்னவோ திரும்பிப் பாறைக்குள் போனது. அவர் திரும்பிப் பார்த்தார். "நெழலு வுழுதுல்ல. நீ வூட்டுக்குப் போ" என்றார். கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால் இவளும் நாலு வார்த்தை பேசிச் சண்டை போட்டு அதை அன்றைக்கே முடித்திருப்பாள். மாட்டை ஓட்டுவது போலச் சாதாரணமாகச் சொன்னார். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சுள்ளி பொறுக்கவும் வேறு பக்கம் போனாள்.

மக்காச்சோளம் ஒடித்துவிட்ட கொல்லையில் வெட்டுக்கிளிகள் இன்னும் பனியில் விறைத்துத் தட்டைகளில் ஒட்டியிருந்தன. முந்தானையைப் போட்டு அமுக்கி நாலைந்து பிடித்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அவர் இப்படித்தான் பிடிப்பார், ஒரு தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொள்வார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பச்சைமலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. ஐப்பசியில் பெய்த மழையில் ஓடை இன்னும் ஓடியது. கொல்லைகளைச் சுற்றி வளைந்து வந்த தண்ணீர் ஒரு பெரிய பாறைக்கடியில் நின்று ஆழமாகி, மறுபுறம் சலசலத்து இறங்கியது. அதுதான் கல்லுமடு. ஒரு வீட்டு முற்றம் அளவுகூட இல்லை. இதற்காகவா என்றிருந்தது அவளுக்கு.

போன வேகத்தில் நேராகப் பாறைமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக, அடிமணல் தெரியக் கிடந்தது. அவள் முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று, கட்டை என்று நினைத்தாள், சத்தமில்லாமல் பின்வாங்கி வேர்களுக்கடியில் மறைந்தது.

"போ" என்றாள் பூமாலை, தண்ணீரைப் பார்த்து. "நீயும் போ."

வெட்டுக்கிளியை முள்ளில் கோத்து வீசினாள். முள் எதிர்க்கரை நொச்சியில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் இலை உதிர்ந்து தண்ணீரெல்லாம் பரவியது. இரண்டாவது தடவை அவள் முந்தானையிலேயே மாட்டியது. மூன்றாவது தடவை விழுந்தது, ஆனால் கல் போட்டது போல விழுந்தது. அயிரைக் குஞ்சுகள்கூடச் சிதறி ஓடின. கீழே இறங்கி, பாறைக்குப் பின்னால் போய், நாவல் மரத்து வேரில் உட்கார்ந்தாள். அங்கிருந்து தண்ணீரில் ஒரு கீற்றுதான் தெரிந்தது. நிழல் பின்பக்கம் விழுந்தது. நரம்பை மெல்ல மெல்ல விட்டு, வெட்டுக்கிளியை ஓட்டத்தோடு மிதக்கவிட்டாள்.

அப்போதுதான் இடுப்பில் போன் அடித்தது. சாமி பாட்டு ஓடை முழுக்கக் கேட்டது. பதறி எடுத்தாள். பிரவீணா.

"அம்மா, அப்பா எப்புடிம்மா இருக்காரு?"

"அப்புடியேதான்."

"எதாச்சும் குடிச்சாரா?"

"இல்ல."

"நீ எங்க இருக்க? தண்ணி சத்தம் கேக்குது."

"ஓடையில."

"ஓடையில என்ன பண்ற?"

"மீன் புடிக்கிறேன்."

அம்மாவுக்குத் தூக்கமில்லாமல் மூளை கலங்கிவிட்டதென்று பிரவீணா நினைத்திருப்பாள்.

"ஒங்கத்தைதான் கேட்டுச்சு" என்றாள் பூமாலை. "வக்கிறேன். மீனு ஓடிரும்." போனை அணைத்தே வைத்துவிட்டாள். அணைத்த பிறகுதான், ஏதாவது ஒன்று என்றால் தமிழழகன் எப்படிக் கூப்பிடுவான் என்ற நினைப்பு வந்தது. விரல் பொத்தான் வரை போனது. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால்தான் என்ன என்று போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துவிட்டுப் போனது. வெகுநேரம் கழித்துத் தண்ணீர் மேல்பரப்பில் 'களக்' என்று ஒரு சத்தம். விரால் மூச்சு வாங்க மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு இறங்கியது. வெட்டுக்கிளிக்குப் பக்கத்தில்தான் வந்தது. வெட்டுக்கிளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இங்கே என்ன இருக்கிறது என்று பூமாலை தேடித் தேடிப் பார்த்தாள். பொம்பளைகள் சொன்னது போல யாராவது இருந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். தண்ணீர், கல், நாலு மரம். பிடித்த மீனைத் தின்னவும் மாட்டார். அப்படியானால் வீட்டில் இல்லாமல் இருப்பதற்காகத்தான் தினமும் வந்திருக்கிறார். கடன்காரன் சத்தம், பிள்ளைகள் சத்தம், தன் சத்தம் எதுவும் இங்கே கேட்காது. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது, கோபம் முந்திக்கொண்டது. 'நான் எங்கய்யா போனேன்? எனக்கு எந்த ஓடை இருந்துச்சு?' என்று வாய்க்குள்ளேயே கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் எழுந்து போக மனசில்லை. முதுகுக்கு மரம் இதமாக இருந்தது. மூத்திர வாடை இல்லை, டெட்டால் வாடை இல்லை. யாரும் பூமால பூமால என்று கூப்பிடவில்லை. இந்த மனுஷன் இதை ஒரு நாளாவது தனக்கும் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது.

கம்பை மடியில் வைத்தபடி பூமாலை தூங்கிப்போனாள். மாதக்கணக்கில் சேர்ந்த தூக்கம். தலை சாயவில்லை, கை நடுங்கவில்லை, நிழல் அசையவில்லை. வேரோடு வேராக உட்கார்ந்திருந்தாள். ஆள் இருக்கிற தடமே இல்லாமல் போனதால்தான் அது வந்தது.

கம்பு கையைப் பிடுங்கியது. திடுக்கிட்டு விழித்தவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, அவர்தான் கையைப் பிடித்து இழுக்கிறார் என்று நினைத்து "இந்தா வந்துட்டேன்" என்றாள். நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேர்ப்பக்கம் ஓடியது. இழுக்கவும் தெரியாது, விடவும் தெரியாது. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக் கயிற்றை இழுப்பது போல மேட்டை நோக்கி நடந்தாள். பின்னால் சளசளவென்று சத்தம். திரும்பினால் விரால் கரைச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. தண்ணீருக்கு ஒரு சாண்தான் பாக்கி. ஓடிவந்து மேலேயே விழுந்தாள். வழுக்கியது. உருவிக்கொண்டது. கை நிறைய மண்ணை அள்ளித் தடவிக்கொண்டு கழுத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். பாசியும் சேறும் மீன் வழுவழுப்பும் முழங்கை வரை ஏறின. வாளியில் போட்டு முந்தானையால் மூடிக் கட்டும்வரை அவளுக்கு மூச்சே வரவில்லை.

வெயில் ஏறியிருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அப்போதுதான் பயம் பிடித்தது. பாதி ஓட்டமும் நடையுமாக வந்தாள். போய்விட்டிருந்தால்? பார்க்காமலே போய்விட்டிருந்தால்? மீன் வாளிச் சுவரில் மோதிக்கொண்டே வந்தது.

தமிழழகன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எத்தனவாட்டிம்மா போன் போடுறது? சுச்சாஃப்னு வருது. அப்பாவுக்கு மூச்சு மாறிருச்சு."

"இருக்காராடா?"

"இருக்காரு. உள்ள வா."

முத்தாயி வாளியைப் பிடுங்கித் திறந்து பார்த்தாள். "வந்துட்டியா சாமி" என்றாள் மீனிடம். "ரெண்டு கொதி, ரெண்டே கொதி, சாறு எடுத்துட்டு வந்துருறேன். அவனப் புடிச்சு வையி" என்று கொல்லைப்புறம் ஓடினாள். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ.

பூமாலை கையைக்கூடக் கழுவாமல் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒன்று வந்து, நின்று, வராதோ என்று நினைக்கும்போது அடுத்தது வந்தது. கண் பாதி மூடியிருந்தது. இடது கை அசையாமல் கிடந்தது. வாயோரத்தில் காலையில் ஊற்றிய மண் காய்ந்து, அதன்மேல் எச்சில் வழிந்தது. துண்டு கைக்கெட்டவில்லை. வலது கையாலேயே துடைத்தாள்.

பழனிவேலின் மூக்கு விரிந்தது. மூச்சு நின்றது. பிறகு குட்டையாக, வேகமாக, ரெண்டு மூச்சு இழுத்தார்.

கையை எடுக்கப் போனாள். போர்வைமேல் கிடந்த இடது கை எழுந்து, தடவி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அத்தனை நாளாக ஸ்பூன் பிடிக்க மாட்டாத கை. அவள் உள்ளங்கையைத் தன் மூக்கின்மேலும் வாயின்மேலும் இழுத்து வைத்துக்கொண்டது. ஓடைச் சேறு, பாசி, பச்சை மீன் வாடை. அவர் அதை இழுத்து இழுத்து மோந்தார். கண் திறந்தது. முதலில் கையைப் பார்த்தார். அந்தப் பார்வை மணிக்கட்டுக்கு வந்தது, சேறு அப்பிய முழங்கைக்கு வந்தது, தோளுக்கு வந்தது. கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றது.

பூமாலை அசையவில்லை. ஏங்க என்று கூப்பிடவில்லை. கால் மரத்துப்போனது, அதையும் மாற்றி வைக்கவில்லை. கண்ணைச் சிமிட்டினால் போய்விடும் என்று பயந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. கொல்லைப்புறத்தில் முத்தாயி மீனைத் துவைகல்லில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா" என்றான் தமிழழகன். "அம்மா, மூச்சு வரல."

அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் அப்படியேதான் இருந்தன. பிடி மட்டும் இல்லை.

முத்தாயி கையில் அரிவாள்மணையோடு வந்து நின்றாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வந்துகொண்டிருந்தவர்களிடம் சொல்லத் தொடங்கினாள். "மீனு வாசலுக்கு வந்துச்சு, அவன் கெளம்பிட்டான். வாயில வக்கக்கூட வேணான்னுட்டான் என் தம்பி. வாசத்துலயே திருப்தியாயிட்டான். காலையிலேயே சொன்னேன்ல, சொன்னேனா இல்லையா தமிழு?" தமிழழகன் தலையை ஆட்டினான். அவன் அழுதுகொண்டே ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்க அந்தக் கதைதான். பந்தல் போட வந்தவனுக்கும் தெரிந்திருந்தது. பிரவீணா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஒன்னப் பைத்தியம்னு நெனச்சுட்டேன்மா" என்று அழுதாள். பூமாலை மகள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவர் அந்த மீனைத் தின்றதே இல்லை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓடையைத்தான் மோந்தாரோ, தன்னைத்தான் பார்த்தாரோ, அதை இனி யாரிடம் போய்க் கேட்பது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பாதி செதில் உரித்த விராலை மணிமொழி எடுத்துப்போனாள்.

சாயங்காலம் எடுப்பதாக முடிவானது. பறைமேளம் வந்தது. பூமாலையின் அண்ணன் கோடிப் புடவையோடு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூமாலை எல்லாவற்றுக்கும் நடுவில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுதவர்களோடு அவளும் அழுதாள். வலது கையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கச் சொம்பு நீட்டியபோதும் இடது கையால்தான் வாங்கினாள். துக்கத்தில் இருப்பவள், யார் இதையெல்லாம் கவனிக்கிறார்கள்.

"எந்திரி பூமால, தலைக்கு ஊத்தணும்" என்று முத்தாயி வந்து தூக்கினாள். இரண்டு பொம்பளைகள் கொல்லைப்புறத்தில் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். துவைகல்லில் உட்காரவைத்து முதல் சொம்பை ஊற்றினாள் முத்தாயி. தலையில் சீயக்காயை அப்பித் தேய்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"இன்னமும் கவுச்சி அடிக்குதே ஒம்மேல. காலையில வந்தவ கையக்கூடக் கழுவலயா? கொண்டா இப்புடி."

பூமாலை இடது கையை நீட்டினாள். முத்தாயி சீயக்காய் போட்டு விரல் விரலாகத் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசினாள்.

"அந்தக் கையக் குடு."

பூமாலை கொடுக்கவில்லை. வலது கையை ஈர முந்தானைக்குள் சுற்றி, அக்குளில் இடுக்கி, முழங்காலோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"குடுடி. வெளியில காத்துக்கிட்டு இருக்காங்க."

"அது இருக்கட்டும் அண்ணி."

முத்தாயி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து சொம்பை நிறைய மொண்டு, இடது தோள் பக்கமாக, மெதுவாகச் சாய்த்து ஊற்றினாள்.